துஷ்டி (சாவு) வீட்டில் ஸ்டார் கட்டலாமா?

கேள்வி: ஐயா, தோத்திரம். நான் கோவையில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு தேரிக்காட்டுக் (செம்மணல் காட்டு) கிராமம். அக்டோபர் இரண்டாவது வாரம் அப்பா இறந்துவிட்டார்கள். வயது 71. அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். "இந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது. ஸ்டார் வேண்டாம், பலகாரம் வேண்டாம், கேரல்காரங்க வர வேண்டாம்னு சொல்லிரு" என்கிறார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கே போகப் போவதில்லையாம். வீட்டுக்குப் பின்னால் அப்பா ஆவணியில் போட்ட பனங்கிழங்குப் பாத்தி இருக்கிறது. அதைக்கூடத் தோண்டக் கூடாது என்கிறார்கள். பெரியப்பாவும் ஒரு வருஷம் கழியட்டும் என்கிறார். இங்கே கோவையில் எங்கள் ஜெபக்குழு அக்கா நேர்மாறாகச் சொல்கிறார்கள். "அப்பா பரலோகத்தில் சந்தோஷமாக இருக்கிறார். துக்கம் கொண்டாடுவது அவிசுவாசம். போன வருஷத்தைவிடப் பெரிதாகக் கொண்டாடு" என்கிறார்கள். என் மகனுக்கு எட்டு வயது. வருஷா வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி தாத்தா மூங்கில் சிம்பில் தன் கையால் ஸ்டார் கட்டுவார். இவன் கூடமாட இருந்து காகிதம் ஒட்டுவான். "தாத்தா இல்லைன்னா ஸ்டாரும் இல்லையாம்மா?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யார் சொல்வது சரி?

ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு, தோத்திரம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கேள்விக்காக, இரண்டாவது தடவை அப்பாவின் ஸ்டாருக்காக. மூங்கில் சிம்பில் ஸ்டார் கட்டுகிறவர்களை எங்கள் பக்கத்தில் இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். பத்துச் சிம்பு சீவ வேண்டும். ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரம் செய்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, ஐந்து முனைகளையும் நூலால் இறுக்க வேண்டும். அப்புறம் நடுவில் ஐந்து குட்டைக் குச்சிகளைக் கொடுத்து உப்ப வைக்க வேண்டும். அந்தக் குட்டைக் குச்சி கொடுக்கிற இடத்தில்தான் எனக்கு எப்போதும் 'படக்'கென்று உடையும். மடக்கி விரிக்கிற அட்டை ஸ்டார் எல்லாக் கடையிலும் தொங்குகிறது. அதை வாங்காமல் எழுபது வயதுக்கு மேல் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பேரனோடு இதைச் செய்திருக்கிறார். உங்கள் அம்மாவுக்கு ஸ்டார் என்றால் அவர் கைதான் ஞாபகம் வரும். வேண்டாம் என்று சொல்வதற்கு அதுவே போதும். ஊர் வழக்கத்தை அவர்கள் காரணமாகச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் பெரியப்பாவின் ஒரு வருஷக் கணக்கைப் பார்ப்போம். வேதத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. யாக்கோபுக்காக எகிப்தியர் 70 நாள், யோசேப்பு 7 நாள். ஆரோனுக்கும் மோசேக்கும் இஸ்ரவேல் ஜனங்கள் முப்பது முப்பது நாள். பிற்கால யூதர்கள் 7 நாள், 30 நாள் என்று படி வைத்து, பெற்றோருக்கு மட்டும் 12 மாதம் என்று ஆக்கிக்கொண்டார்கள். நம் ஊரில் ஒரு வருஷம் என்பது அக்கம்பக்கத்தோடு நமக்கும் பொதுவான வழக்கம். 1799-இல் முதலூர் என்று ஒரு கிறிஸ்தவ ஊர் எழுந்த காலத்திலிருந்து நம் முன்னோர் கூட்டம் கூட்டமாகச் சபைக்குள் வந்தார்கள். வரும்போது அழுகிற முறையையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எழவு வீட்டுக்கு வந்து போகிறவர்கள் இன்றைக்கும் ஒரே தெருவில், ஒரே சொந்தத்தில்தானே இருக்கிறார்கள்?

சட்டமாக எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்த ஒரு வருஷத்தில் ஒரு புத்தி இருக்கிறது. தேரிக்காட்டு ஊரில் வருஷம் எப்படி நகரும் என்று உங்களுக்குத் தெரியும். மார்கழியில் பனங்கிழங்கு. மாசி, பங்குனியில் ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாள் வரும்போது பதநீரும் இறங்க ஆரம்பித்துவிடும். விடிலியில், அதாவது பனங்காட்டுக் குடிசையில், கருப்பட்டி காய்ச்சுகிற வாசனையோடுதான் நாங்கள் சிறுவயதில் லெந்துக் கூட்டங்களுக்குப் போனோம். குருத்தோலை ஞாயிறுக்கு மற்ற ஊரில் தென்னங்குருத்து, நமக்குப் பனங்குருத்து. ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டம். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். அப்புறம் கோயில் அசனம், பெரிய சட்டியில் சாம்பார் கொதிக்க ஊரே இலை போட்டு உட்காரும். ஐப்பசியில் மழை. இதில் ஒவ்வொன்றும் அப்பா இல்லாமல் ஒரு தடவை வந்துதான் போக வேண்டும். முதல் பதநீர், முதல் குருத்தோலை, முதல் அசனம். பருவம் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் வீடு எல்லா இடத்திலும் ஒரு தடவை தடுக்கி விழுந்து எழுந்திருக்கும். அதற்குத்தான் பெரியவர்கள் ஒரு வருஷம் என்று வைத்தார்கள் போலும். பண்டிகை கூடாது என்ற தடையாக அது ஆனது பின்னால் வந்த கோணல். பெரியப்பாவோடு சண்டை போடாதீர்கள். அவருக்கும் தம்பி போயிருக்கிறார், அல்லது அண்ணன் ஸ்தானத்தில் இருந்து தாங்க வேண்டிய பாரம் வந்திருக்கிறது.

ஜெபக்குழு அக்காவின் ஆலோசனையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் துக்கப்பட்டால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம் என்றால், லாசருவின் கல்லறைக்கு முன்னால் கண்ணீர் விட்ட இயேசுவை என்ன சொல்வது? அவனை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அழுதார். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதை இந்த இடத்தில் எல்லாரும் தூக்கிக்கொண்டு வருவார்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அங்கே இருக்கிறது. துக்கிக்கவே வேண்டாம் என்று இல்லை. அழ ஒரு காலமுண்டு என்கிற பிரசங்கி மூன்றாம் அதிகாரத்தை உங்களுக்கு இதற்குள் பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள், அதை நான் விட்டுவிடுகிறேன்.

அக்கா சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறேன். "துக்கம் கொண்டாடுவது" என்றார்கள் அல்லவா? குறையாகச் சொன்னார்கள். ஆனால் நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அது குறைச் சொல் இல்லை. யாக்கோபுக்காக 70 நாள் "துக்கங்கொண்டாடினார்கள்" என்றுதான் இருக்கும். மோசேக்காகவும் அதே சொல்தான். நான் இறையியல் படிக்கப் போன முதல் வருஷம் இதைப் பார்த்துவிட்டு, இது என்ன மொழிபெயர்ப்பு, துக்கத்தைப் போய் யாராவது கொண்டாடுவார்களா என்று சிரித்தேன். வயது 22, அதுவரை வீட்டில் ஒரு சாவு கண்டதில்லை. அப்புறம் என் அம்மா போனார்கள். மூன்று நாள் ஊரே எங்கள் வாசலில் கிடந்தது. பக்கத்து வீட்டில் உலை வைத்து எங்களுக்குச் சோறு வந்தது. நாற்காலி வந்தது, பந்தல் வந்தது, அழ ஆள் வந்தது. கோயில் மணி அடித்தது. பண்டிகைக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் இருந்தது. சேர்ந்து செய்வதால்தான் அது கொண்டாட்டம் என்று அப்போது விளங்கியது. சந்தோஷமோ துக்கமோ, தனியாக உட்கார்ந்து யாரும் கொண்டாட முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பண்டிகை உண்டா இல்லையா என்பதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அம்மா கதவைச் சாத்துகிறார்கள். கேரல் வர வேண்டாம், பலகாரம் வர வேண்டாம், கோயிலுக்கும் போக மாட்டேன் என்றால், கொண்டாட்டம் போகிறதோடு துக்கங்கொண்டாடலும் போகிறது. மிச்சம் இருப்பது தனி வீட்டில் ஒரு தனிப் பெண்மணி. அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். மற்றதில் அம்மா இஷ்டம்.

சரி, டிசம்பர் 1-க்கு வருவோம். அன்றைக்கு ஸ்டார் ஏற வேண்டும் என்று சபை எங்கும் சொல்லவில்லை. நவம்பர் 30-ஐ ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை அட்வெந்து, அதாவது கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கிற காலம், தொடங்குகிறது. நான்கு ஞாயிறுகள். பீடத்தில் ஊதாத் துணி போடுவோம், லெந்து நாட்களில் போடுகிற அதே நிறம். பழைய காலத்தில் இதுவும் உபவாச நாளாகத்தான் இருந்தது. அந்த வாரங்களில் பிரசங்கம் பண்ணச் சொன்ன பொருள்கள் நான்கு: மரணம், நியாயத்தீர்ப்பு, பரலோகம், நரகம். நவம்பர் கடைசியிலேயே கேக் வெட்டி, டிசம்பர் முழுக்க ஒலிபெருக்கி கட்டி, 25 வருவதற்குள் சலித்துப் போகிறோமே, அது கடைவீதி நமக்குக் கற்றுக் கொடுத்த அட்வெந்து. நானும் கேக் வெட்டுகிறேன், மறுக்கவில்லை. நான் குருவானவராக இருக்கிற சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) டிசம்பரில் எட்டு இடத்தில் கேக் வெட்ட வேண்டியிருக்கிறது, சர்க்கரை இருக்கிற மனுஷன் நான்.

அட்வெந்தின் பாட்டுகளைக் கவனித்திருப்பீர்கள். எல்லாம் இருட்டைப் பற்றியும் வராதவரைப் பற்றியும்தான். விளக்கு இல்லாத வாசல், வருவார் என்ற நம்பிக்கை, வர இன்னும் நாள் இருக்கிறது என்ற வலி. இந்த வருஷம் உங்கள் தெருவில் அட்வெந்தைச் சரியாக ஆசரிக்கிற வீடு எது என்று கேட்டால், உங்கள் அம்மாவின் வீடு என்பேன். அவர்கள் தெரியாமலே சபையின் காலத்துக்குள்தான் இருக்கிறார்கள். ஸ்டார் கட்டாததால் எதையும் மீறிவிடவில்லை. இதை அவர்களிடம் சொல்லுங்கள். "பண்டிகை இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்வு ஓடிக்கொண்டிருக்கும், அது கொஞ்சம் இறங்கும்.

25 தாண்டினாலும் நாள் இருக்கிறது. கிறிஸ்துமஸ் ஒரு நாள் பண்டிகை இல்லை, ஞானிகள் பிள்ளையைப் பார்க்க வந்ததை நினைக்கிற ஜனவரி 6 எபிபனி வரைக்கும் ஓடுகிறது. அந்த நாட்களைப் பாருங்கள். டிசம்பர் 26, ஸ்தேவான் கல்லெறியுண்டு செத்த நாள். 28, ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாள். பிள்ளை பிறந்து மூன்று நாளைக்குள் நாள்காட்டியில் இத்தனை சாவு. யார் இப்படி வைத்தார்கள் என்று எனக்கே சில வருஷம் எரிச்சலாக இருந்திருக்கிறது. ஆனால் 2004 டிசம்பர் 26 எனக்கு மறக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி வந்தது. சில நாள் கழித்து நிவாரண வேலைக்காகக் குளச்சல் பக்கம் போனோம். ஒரு வீட்டில் மூன்று சுவர் போய் ஒரு சுவர் நின்றது; அதில் ஆணியில் ஒரு ஸ்டாரின் கம்பி மட்டும் தொங்கியது, காகிதம் இல்லை. அந்த ஊர்களில் 28-ஆம் தேதி வாசகத்தை வாசித்த குருவானவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ராமாவில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்பது மத்தேயு எழுதின கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆறுதல் வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிற ஒரு தாயை அவர் வெட்டி எறியவில்லை. அந்த வசனத்திலும் "துக்கங்கொண்டாடல்" என்ற சொல் வரும், எடுத்துப் பாருங்கள்.

2023 உங்கள் ஊருக்கே தெரியும். டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். அப்போது நான் இருந்த சேகரத்தில் ஒரு குளம் உடைந்து கோயிலுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஏழு நாளில் கிறிஸ்துமஸ். பாமாலைப் புத்தகமெல்லாம் நனைந்து உப்பிப் போய், வெயில் வந்ததும் மதில்மேல் வரிசையாகக் காய வைத்தோம். ஊரில் ஒரு வாசலிலும் ஸ்டார் இல்லை. வேண்டாம் என்று யாரும் முடிவு பண்ணவில்லை, கட்ட வாசல் இல்லை. 25 காலை ஆராதனைக்கு மணி அடிக்கலாமா என்று கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை வந்து கேட்டார். நான்தான் தயங்கினேன். அவர் அடித்துவிட்டார். சேறு காயாத தரையில் பாய் விரிக்க முடியாமல் எல்லாரும் நின்றுகொண்டே பாடினார்கள். பாதிப் பேருக்கு உடுத்தியிருந்தது நிவாரணத்தில் வந்த துணி. அளவு சேராத சட்டையில் ஆண்கள் நின்ற நிலை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. யாரும் சந்தோஷமாக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரும் வீட்டில் இருக்கவில்லை.

இனி கேரல், வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கிறிஸ்துமஸ் பாட்டு. இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

என் முதல் சேகரம். வயது 29. பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு அம்மா, கணவர் செப்டம்பரில் போயிருந்தார். கேரல் போகிற ராத்திரி, துஷ்டி வீட்டில் டிரம் அடித்துக்கொண்டு போய் நிற்பது நாகரிகமில்லை என்று நானே முடிவு பண்ணி, அந்தத் தெரு முக்கிலேயே பையன்களைத் திருப்பி அடுத்த தெருவுக்குக் கூட்டிப் போய்விட்டேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய புரிதலோடு நடந்துகொண்டதாக நினைப்பு வேறு. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கைகொடுத்துப் போன பிறகு அந்த அம்மா வந்தார்கள். குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்பார்கள். "ஐயரவாள், முப்பத்தஞ்சு டம்ளர் கழுவி வச்சிருந்தேன். சுக்குக் காப்பி போட்டு வச்சிருந்தேன். பாட்டுச் சத்தம் முக்கு வரைக்கும் வந்துது. அப்புறம் கேக்கல" என்றார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. எங்கே போனீர்கள் என்று உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டார்கள்.

அதற்கப்புறம் எந்தச் சேகரத்திலும் நான் துஷ்டி வீட்டைத் தாண்டிப் போகவிட்டதில்லை. கேரல் அன்று மதியமே இரண்டு பேர் போய்க் கேட்டுவிட்டு வருவார்கள். சரி என்றால் ராத்திரி டிரம்மும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் முக்கிலேயே நிற்பார்கள். பாடகர் குழு மட்டும் போய், பழைய கீர்த்தனை ஒன்றை மெதுவாகப் பாடி, ஜெபம் பண்ணிவிட்டு வருவோம். காணிக்கைப் பெட்டி நீட்டுவதில்லை. பாட்டு வேண்டாம் என்றால் பாடுவதில்லை, வாசலில் நின்று ஜெபம் மட்டும். அதுவும் வேண்டாம் என்று இந்த இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு வீடுதான் சொல்லியிருக்கிறது. உங்கள் சேகரத்து ஐயரிடம் போனில் இதைப் பேசுங்கள். "ஒரு ஐயர் பத்திரிகையில் இப்படி எழுதியிருக்கிறார்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அப்புறம் அவருக்கு அடுத்த வார்த்தை காதில் ஏறாது.

அம்மா கோயிலுக்கு வர மாட்டேன் என்பதற்கு வருவோம். காரணம் கேட்டீர்களா? கேட்டால் உடனே வராது. கூட உட்கார்ந்து உளுந்து புடைக்கிற நேரத்தில் வரும். எனக்குத் தெரிந்த வரையில் இரண்டு காரணம் இருக்கும். அடக்க ஆராதனை அன்று பெட்டிக்குப் பின்னால் அந்த வாசலில் நுழைந்த ஞாபகம் ஒன்று. கிறிஸ்துமஸ் அதிகாலையில் ஊரே புதுத்துணி சரசரக்க வரும்போது தான் எந்தச் சேலை உடுத்துவது, எந்த இடத்தில் உட்காருவது, யார் என்ன பார்வை பார்ப்பார்கள் என்ற கூச்சம் இன்னொன்று. தாலி கழற்றின பெண் நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று நம் சபைகளிலும் ஒரு நினைப்பு ஒளிந்து கிடக்கிறது. வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாண வீட்டில் தட்டு நீட்டும்போது தெரியும்.

இதை மட்டும் நான் கடுமையாகவே சொல்கிறேன்: அதற்குச் சபையில் இடமில்லை. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் அன்னாள் இருக்கிறாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் புருஷனை இழந்தவள், எண்பத்துநான்கு வயது விதவை. தேவாலயத்தை விட்டு நீங்காமல் அங்கேயே கிடந்தாள். எருசலேமில் பிள்ளை இயேசுவைப் பற்றி ஆட்களிடம் பேச ஆரம்பித்தவள் அவள்தான். நம் ஆட்கள் அங்கே இருந்திருந்தால், "பிள்ளையைத் தூக்கிட்டு வாராங்க, நீ கொஞ்சம் பின்னால போ ஆச்சி" என்றிருப்பார்கள்.

ஆனால் வசனத்தைச் சொல்லி அம்மாவை இழுத்துப் போகாதீர்கள். முதல் தடவை நுழைகிற நாளாகக் கிறிஸ்துமஸ் இருக்க வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு சாதாரண நாளில், பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கூட்டத்துக்கோ, கூட்டம் குறைவான ஒரு அட்வெந்து ஞாயிறுக்கோ, பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் வந்து கூட்டிப் போகட்டும். உட்காருகிற இடம் ஒரு தடவை பழகிவிட்டால் 25-ஆம் தேதி அவ்வளவு பயமுறுத்தாது. அப்போதும் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை இருக்கிறது, புது வருஷத்து வாக்குத்தத்த அட்டை எடுக்க வருவார்கள். அதுவும் இல்லையென்றால் எபிபனி.

மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு வயதுப் பையன் கேட்டது சின்னக் கேள்வி இல்லை. தாத்தாவோடு ஸ்டாரும் போய்விட்டதா என்றுதான் கேட்கிறான். "இல்லை, தாத்தா கட்டுவது டிசம்பர் 1, நாம் இந்த வருஷம் கொஞ்சம் தாமதமாகக் கட்டுவோம்" என்று சொல்லுங்கள். கோவை வீட்டில் கடை ஸ்டார் வாங்கித் தொங்கவிட்டு அவன் வாயை அடைக்க வேண்டாம். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் ஊருக்குக் கூட்டிப் போங்கள். மூங்கில் சிம்பு, நூல், பசை எங்கே இருக்கிறது என்று பாட்டியிடம் அவனே கேட்கட்டும். நீங்கள் கேட்டால் வேண்டாம் என்பார்கள். அவன் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. ஒருவேளை அழுவார்கள். அவன் முன்னால் அழுதால் நல்லது, தாத்தாவுக்காக அழலாம் என்று அவனுக்கும் தெரிய வேண்டும். கட்டி முடித்ததை வாசலில் தொங்கவிடுவதா, உள்ளே கூடத்தில் வைப்பதா, பல்பு போடுவதா வேண்டாமா என்பதெல்லாம் பாட்டி தீர்மானம். வேண்டவே வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால், அவன் கட்டினதைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் கட்டுகிற வரிசையில் அதுவும் ஒன்றாகத் தொங்கும். பாட்டி ஆராதனைக்கு வருவதற்கு அதுவே காரணமாகிவிட்டால் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அதற்காகத் திட்டம் போட்டுச் செய்யாதீர்கள், பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பலகாரம் வீட்டில் சுட வேண்டாம், சரிதான். ஆனால் வருகிறதை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். முந்திரிக்கொத்தும் முறுக்கும் அக்கம்பக்கத்தில் இருந்து வரும், சொந்தத்தில் இருந்து வரும். வாங்கிக்கொள்ளட்டும். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் ஊர்ப் பழக்கம், ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுப்போம். துஷ்டி வீட்டுக்காரர்கள் கொடுக்க என்ன இருக்கிறது என்று அம்மா நினைப்பார்கள்.

இருக்கிறதே, பின்னால் பாத்தி. அப்பா ஆவணியில் கொட்டை போட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்குள் கிழங்கு நன்றாக இறங்கியிருக்கும். கோதுமைமணி மண்ணில் விழுந்து என்று ஒரு பிரசங்கம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொள்கிறேன். பொங்கலுக்கு மேல் விட்டால் நார் ஓடிவிடும், வாயில் வைக்க முடியாது. போட்டவர் அதை விரும்பியிருக்க மாட்டார். மகனையும் ஒரு கடப்பாறையையும் கூட்டிக்கொண்டு ஒரு சாயங்காலம் தோண்டுங்கள். பிளந்த கொட்டையில் தவுண் (உள்ளே இருக்கிற வெள்ளைப் பருப்பு) இருந்தால் அவனுக்கு. கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, பலகாரம் வந்த பாத்திரத்தில் எல்லாம் நாலு நாலாக வைத்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். யார் வீட்டுக் கிழங்கு என்று கேட்டால் அம்மா பதில் சொல்லிக்கொள்வார்கள்.

டிசம்பர் கடைசி வாரம் கோவையில் இருந்து நம் பக்கம் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம். இதைப் படித்த உடனே பஸ்ஸுக்காவது டிக்கெட் போட்டுவிடுங்கள்.